ஆறு மாச ஜோடி

இந்தா தாயி, இந்த ஆப்பிள எடுத்துக்க. சும்மா எடு. மயக்க மருந்து போட்டுக் குடுக்க நான் என்ன களவாணியா? கழுவித் தொடச்சு தாம்பாளத்துல வச்சுக் கொண்டுபோன பழம். போன எடத்துல வாங்கிக்கல. மாமனுக்குன்னு கொண்டுபோன பழத்த அப்புடியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. வெத்தல பாக்க பஸ்ஸ்டாண்டுல பூக்காரிகிட்டக் குடுத்துட்டேன். வாழப்பழத்தக் கண்டக்டர் வாங்கிக்கிட்டாரு. நீ இந்த ரெண்ட வாங்கிக்கிட்டேன்னா எனக்குப் பாரம் கொறையும்.

எங்க, மதுரைக்கா? நல்லதாப் போச்சு. நான் மதுரையில எறங்கிக் கமுதி வண்டி புடிக்கணும். கேக்கப் புடிக்கலேன்னா அந்த வயரக் காதுல மாட்டிக்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஆனா யாருகிட்டயாவது சொல்லலேன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போகும்.

என் மகளுக்கு இன்னும் பதினோரு நாளுல கல்யாணம். ஒரே மக, பேரு தமயந்தி. தாய்மாமன் வந்து பட்டங்கட்டி, மாலை போட்டு, கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போகணும். எங்க சாதிசனத்துல அது இல்லாமக் கல்யாணமே கெடையாது. அந்த மாமன் என் கூடப்பொறந்த தம்பி வில்லாயுதம். செங்கப்பட்டுக்கு அங்கிட்டு ஒரு செங்கச் சூளையில தீப்போடுற வேலை. அவனக் கூப்புடத்தான் நேத்து கெளம்பி வந்தேன். வரமாட்டேன்னுட்டான். எம் மக சொல்லிட்டா, அவரு வந்து நின்னாத்தான் மாலைக்குக் கழுத்த நீட்டுவேன், இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்னு. இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறது, நீயே சொல்லு.

அவன நான் வளத்தேன் தாயி. எங்க ஆத்தா செத்தப்ப அவனுக்கு மூணு வயசு, எனக்கு ஒம்பது. இடுப்புல தூக்கிக்கிட்டேதான் பள்ளிக்கூடம் போனேன். வாத்தியாரு வெளிய நில்லுன்னாரு, வெளிய நின்னே படிப்ப முடிச்சுட்டேன். என்னையக் கட்டிக்க வந்தவுககிட்ட, தம்பியும் எங்கூடத்தான் வருவான், சரின்னாச் சொல்லுங்கன்னேன். அந்த மனுசனும் சரின்னாரு. நல்ல மனுசன். ஆயுசுதான் இல்ல. தமயந்திக்கு மூணு வயசு நடக்கையில கெணறு வெட்டப் போன எடத்துல மண்ணு சரிஞ்சு போயிட்டாரு.

அது மழை இல்லாத மூணாவது வருசம். எங்க பக்கம் ஒனக்குத் தெரியாது. கருவேல மரத்தத் தவிர ஒண்ணும் பச்சையா நிக்காது. குடிக்கிற தண்ணிக்கே ஊருணியில ஊத்துத் தோண்டிக் கொட்டாங்குச்சியால மோந்தோம். ஊருல பாதி வீடு பூட்டிக் கெடக்கு. தை பொறந்ததும் மேஸ்திரி வந்தாரு, வடக்க செங்கச் சூளைக்கு ஆளெடுக்க. ஓடிப்போய் நின்னேன். நானும் எந்தம்பியும் வாரோம்னேன். அவரு ஏற எறங்கப் பாத்துட்டு, ஜோடியாத்தான் எடுப்போம் இருளாயின்னாரு. நாங்களும் ரெண்டு பேருதானேன்னேன். அட, புருசன் பொண்டாட்டி ஜோடிங்கிறாரு. மண்ணு கொழைக்க ஆம்பள, கல்லறுக்கப் பொம்பள, தங்க ஒரு குடிசை. போன வருசம் எவளோ ஒருத்தி அண்ணன்னு சொல்லி ஒருத்தனக் கூட்டியாந்து, அவ புருசன் தேடி வந்து அருவாளத் தூக்கிட்டானாம். மொதலாளி அதுலருந்து அண்ணன் தங்கச்சி, அக்கா தம்பின்னாலே லாரியிலருந்து எறக்கி விட்டுர்றாராம்.

அப்ப என்னத்தச் செய்ய? புள்ள பசியில மண்ணத் திங்கிது. தம்பிக்கு இருபத்திரெண்டு வயசு, ஒட்டிப்போய்க் கெடக்கான். மேஸ்திரிதான் மொள்ளச் சொன்னாரு, ஆறு மாசந்தான், புருசன் பொண்டாட்டின்னு சொல்லிக்கங்க, அங்க உங்களத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்ல, நானும் வாயத் தொறக்க மாட்டேன்னு. தம்பி காறித் துப்பிட்டான். செத்தாலும் சரி, அந்தச் சோறு வேணாம்னான். நான் தமயந்தியத் தூக்கி அவன் மடியில போட்டேன். சரி, இத நீயே கொன்னு பொதச்சுட்டு வா, நாம ரெண்டு பேரும் மானத்தோட சாவோம்னேன். பெறகு அவன் புள்ளையத் தோளுல போட்டுக்கிட்டு எந்திரிச்சான்.

லாரி ஏறப்போற அன்னைக்கு, கமுதி பஸ்ஸ்டாண்டுக்குப் பின்னால நின்னு, நானே எனக்குத் தாலி கட்டிக்கிட்டேன். பொன்னுக்கு எங்க போறது? மஞ்சக்கயித்துல ஒரு துண்டு விரலி மஞ்சக் கெழங்கு. மூணு முடிச்சையும் நானே போட்டேன். நெத்தியில குங்குமம் வச்சேன். பூ வாங்குனேன். அவரு போயி பதினோரு மாசங் கழிச்சுத் தலையில பூ. தம்பி அங்கிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டான், பாக்கல.

புள்ளைக்குத்தான் சொல்லிக் குடுக்க பெரும்பாடு. மாமான்னு சொல்லக்கூடாது கண்ணு, அப்பான்னு சொல்லணும்னு லாரி நெடுக்கச் சொல்லிக்கிட்டே வந்தேன். மாமான்னா முட்டாய் இல்ல, அப்பான்னா முட்டாய். திண்டிவனம் தாண்டுறதுக்குள்ள படிச்சுக்கிட்டா. எம்புட்டுச் சூட்டிகையான புள்ளைங்கிற!

அங்க போயி நான் நடிச்ச நடிப்பு இருக்கே, நெசப் பொண்டாட்டி தோத்துப் போவா. ஏங்க, வாங்க, சாப்புட வாங்கன்னுதான் கூப்புடுவேன். மூக்குச் சிந்தி விட்டுக் குளிப்பாட்டி விட்ட பயல, வாங்க போங்கன்னு. மொத ரெண்டு நாளு சிரிப்பு சிரிப்பா வந்துச்சு. அவன் சிரிக்கல. அக்கான்னும் கூப்புட முடியாது, பேரச் சொல்லவும் வாய் வராது. ஆறு மாசமும் அவன் என்னைய எப்புடியுமே கூப்புடல தாயி. ஏதாவது வேணும்னா வந்து பக்கத்துல நிப்பான். நானா நிமிந்து பாக்கணும். ராத்திரி குடிசையில நானும் புள்ளையும். அவன் வெளிய களத்துல படுத்துக்குவான். புழுக்கமா இருக்குன்னு சொல்லிக்குவான். தை மாசப் பனியில புழுக்கம்.

வேலைன்னா வேலை. இருட்டோட எந்திரிச்சா வெயில் ஏறுற வரைக்கும் குத்தவச்சுக் குத்தவச்சுக் கல்லறுக்கணும். அச்சுல சேத்த அமுக்கி, வழிச்சு, தரையில கவுத்தணும். கை நகம் பூராத் தேஞ்சு போச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், திட்டாத. நான் அங்க ஒரு மாதிரி நல்லாத்தான் இருந்தேன். மூணு வேளையும் கஞ்சி இருந்துச்சு. ஊருல நான் எதுக்க வந்தா நின்னு திரும்பிப் போவாளுக. சூளையில ஒருத்தி வளைகாப்புன்னு சொல்லி, இருளாயிக்கா நீங்கதான் மொத வளையல் போடணும்னு என்னைய முன்னால இழுத்து விட்டா. போட்டேன்.

அடுத்த குடிசையில செஞ்சிப் பக்கத்துக் குடும்பம். தாய், தகப்பன், ஒரு பொண்ணு. செல்லக்கிளின்னு பேரு. வாய்த் துடுக்கு, வேலையில புலி. அவளுக்கு எந்தம்பி மேல என்னமோ ஒரு இது. இவன் மண்ணு கொழைக்கிற எடத்துக்குச் செம்பெடுத்துக்கிட்டு வந்துருவா. அண்ணன்னு கூப்புட மாட்டா, அதக் கவனிச்சியா? நான் ஒருநா எல்லாரும் பாக்க எந்திரிச்சுப் போயி, எம் புருசனுக்கு நான் தண்ணி குடுத்துக்கிறேன் தாயி, நீ ஒங்கப்பனுக்குக் குடுன்னு செம்பப் புடுங்கிக்கிட்டேன். சூளையே கொல்லுனு சிரிச்சுச்சு. அந்தப் புள்ள மூஞ்சி சுண்டிப் போச்சு. நானும் கெட்டிக்காரத்தனமாத்தான் நெனச்சேன், சந்தேகம் வராமப் பாத்துக்கிட்டோம்னு. தம்பி அன்னைக்குச் சாப்புடல. ரெண்டு நாள் பொறுத்துக் களத்துல எம்பக்கத்துல வந்து நின்னான். என்னடான்னேன். அந்தப் புள்ளகிட்ட மட்டும் உண்மையச் சொல்லிரட்டுமான்னு கேட்டான். அடப் போடா, சொல்லித் தொலைச்சேன்னா மூணு பேரும் நடுரோட்டுல நிக்கணும், சீசன் முடியட்டும்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டான். அவன் எம் பேச்சத் தட்ட மாட்டான். அம்புட்டு நல்ல புள்ள.

சித்திரை கடைசியில அது நடந்துச்சு. இன்னும் சுடாத பச்சக்கல்லத் தம்பி அடுக்குலருந்து எடுக்கையில, உள்ள சுருண்டு கெடந்த விரியன் கையில போட்டுருச்சு. நான் பாக்குறேன், அவன் கை வீங்குது, வாயில ரத்தம் கசியிது. டிராக்டர்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரு கையெழுத்துக் கேட்டாக, நீ யாருன்னாக. பொண்டாட்டின்னேன். அங்கயும் அதத்தான் சொன்னேன், எனக்கு வேற வாயே வரல. மூணு நாள் கண்ணு முழிக்கல. கூட வந்த பொம்பளைக சொன்னாளுக, இருளாயி, ஒந்தாலியக் கண்ணுல ஒத்திக்கிட்டு வேண்டுடி, அதுதான் அவனக் காப்பாத்தும்னு. ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு அம்மன் கோயிலு. அங்க விழுந்து கெடந்தேன். ஆத்தா, இந்தக் கயிறு எங்கழுத்துல கெடக்குற வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, நானா இதக் கழட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணுனேன். நாலாம் நாள் முழிச்சான். தண்ணி கேட்டான். அக்கான்னு கூப்புட்டுத்தான் கேட்டான். நர்சு நாக்கு கொழறுதுன்னு நெனச்சுக்கிட்டா.

ஆடி பொறந்து ஊருக்கு வந்தோம். செல்லக்கிளி லாரி ஏறுற வரைக்கும் இவனையே பாத்துக்கிட்டு நின்னா. நான் இவனையும் புள்ளையையும் முன்னால ஏத்திவிட்டுட்டேன், எடம் போயிருமேன்னு.

வந்த மறுநாளு தம்பி சொன்னான், யக்கா, அதக் கழட்டிரு, ஊரு பாக்குறதுக்குள்ளன்னு. நான் மாட்டேன்னுட்டேன்.

நீயும் அப்புடிப் பாக்காத. கேளு. எம் புருசன் செத்தாருன்னு சொன்னேன்ல. அதுக்கு மொத நாளு என்ன நடந்துச்சு தெரியுமா? வெதைக்கும் வழியில்ல, சோத்துக்கும் வழியில்ல, எம் பொட்டுத்தாலியக் கழட்டி அடகுக்குக் குடுத்துட்டு வந்தேன். கயித்தோட கழட்டிட்டேன். புதுக்கயிறு நாளைக்கு வாங்கிக் கட்டிக்குவோம்னு அசால்ட்டா இருந்துட்டேன். ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி வெறுங்கழுத்தாக் கெடந்தேன். விடிஞ்சு வேலைக்குப் போன மனுசன மண்ணுக்குள்ளருந்துதான் எடுத்தாக. இத நான் தம்பிகிட்டக் கூடச் சொன்னதில்ல. எம் மககிட்டச் சொன்னதில்ல. ஒங்கிட்டச் சொல்லிட்டேன், நாளைக்கு நீ என்னைய எங்க பாக்கப் போற.

அதனால பதினாறு வருசமா இது எங்கழுத்துல கெடக்கு. இந்தா, பாத்துக்க. ரவிக்கைக்குள்ள விட்டுக்குவேன். கயிறு நைஞ்சுபோச்சுன்னா, புதுசக் கட்டிட்டுத்தான் பழசக் கழட்டுவேன். ஒரு நிமிசம் வெறுங்கழுத்தா இருந்ததில்ல. அவனுக்கு ஒரு காச்சல் உண்டா? ஒரு தலவலி உண்டா? சூளையில எத்தன பேரு நெஞ்சடைச்சுச் செத்தான், இவன் கல்லு மாதிரி நிக்கிறான். எதுனால?

ஊரு வாய் இருக்கே, அது நாசமாப் போக. சூளையிலருந்து வந்த மூணாவது மாசமே அபிராமத்துலருந்து பொண்ணு வீட்டுக்காரக வந்தாக, தம்பியப் பாக்க. நல்ல எடம். பலகாரம் வச்சுட்டு நான் குனிஞ்சு நிமிர்றேன், கயிறு வெளிய வந்து தொங்குது. பொண்ணோட அத்தைக்காரி பாத்துட்டா. புருசன் செத்து ரெண்டு வருசம்னு சொன்னீக, இது யாரு கட்டுன தாலின்னா. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள தமயந்தி உள்ளருந்து ஓடியாந்து, அப்பான்னு அவன் காலக் கட்டிக்கிட்டா. அம்புட்டுத்தான். வந்தவுக காப்பியக் கூடக் குடிக்கல. பொழுது சாயிறதுக்குள்ள பத்து ஊருக்குத் தெரிஞ்சு போச்சு, அக்காளத் தம்பி வச்சிருக்கான்னு. வாய் கூசாமச் சொல்றாளுகளே, அவளுக குடும்பம் வெளங்குமா? மண்ணள்ளித் தூத்திட்டு வந்தேன் ஒவ்வொருத்தி வாசல்லயும்.

தம்பி அழல. யக்கா, நாலு பேருக்குத் தெரியிற மாதிரி கோயில்ல வச்சு அதக் கழட்டிப் போட்டுரு, நடந்ததச் சொல்லிரு, நான் பொழச்சுக்குவேன்னான். நான் அவன் காலப் புடிச்சேன். ஒன் உசுருடா, ஒன் உசுருக்குத்தான் இதுன்னேன். அந்தத் தையில, தீப்போட ஒத்த ஆளு போதும்னு, தனியாச் சூளைக்குப் போனவன்தான். மறுபடி ரெண்டு எடம் பாத்தேன், அங்கயும் கத முந்திக்கிட்டுப் போயி நிக்கிது. அவனுக்கு இப்ப முப்பத்தெட்டு. ஜோடி இல்லாத ஆளுக்குச் சூளையில குடிசை குடுக்க மாட்டாக. தீப்போடுற எடத்துலயே சாக்க விரிச்சுக் கெடக்கான். ஞாயித்துக்கெழமை ஆனா எம் மகளுக்குப் போன் பண்ணுவான். ரெண்டும் ஒரு மணி நேரம் பேசுதுக. இன்னமும் அவ அவன அப்பான்னுதான் கூப்புடுறா. மாமான்னு சொல்லுடின்னு அடிச்சுக் கூடப் பாத்துட்டேன். நீதானம்மா சொல்லிக் குடுத்தேங்கிறா.

இன்னைக்குக் காலையில அவன் முன்னால தாம்பாளத்த நீட்டுனேன். தலை பூரா நரச்சுப் போச்சு தாயி. எனக்கே திக்குனு ஆயிருச்சு. என்னையத் தெரியுதாடான்னேன். சிரிச்சான். டீ வாங்கிக் குடுத்தான். பெறகுதான் சொன்னான், நான் வந்து நின்னா மாப்பிள்ள வீட்டுக்காரன் மொத ஒங் கழுத்தப் பாப்பான், அப்புறம் என்னையப் பாப்பான், அப்புறம் புள்ளையப் பாப்பான், அவ கல்யாணமும் நிக்கணுமாக்கான்னு. நீ அதக் கழட்டிரு, இப்பவே இந்தச் சட்டையோட பஸ் ஏறுறேன்னான். எம் புள்ளைக்கு நாந்தான் மாலை போடணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையாக்கான்னு கேட்டான்.

எனக்குத் தாங்கல. சரிடான்னேன். நெசமாத்தான் சொன்னேன், நம்பு. எல்லாம் போகட்டும், இந்தப் புள்ளைக்காகக் கழட்டிர்றேன்னு கயித்த வெளிய எடுத்தேன். அங்கனயே வேப்பமரம், அதுக்கடியில ஒரு சூலாயுதம் நட்டு வச்சிருக்காக. அதுக்கு முன்னால நின்னேன். கண்ண மூடிக்கிட்டு ரெண்டு கையாலயும் புடிச்சுத் தலைக்கு மேல தூக்குறேன். காது வரைக்கும் வந்துருச்சு.

தும்மிட்டான்.

ஒத்தத் தும்மல். அம்புட்டுப் பேருலயும் அவன் தும்மிட்டான். எங்கையி அப்புடியே நின்னு போச்சு. அவன் பதறிப் போயி, யக்கா, இது செங்கத் தூசி, நாளெல்லாம் நான் தும்மிக்கிட்டுத்தான் கெடக்கேன், நீ கழட்டுங்கிறான். இன்னொன்னு வரட்டும்னு காத்துக்கிட்டு நின்னேன். ரெட்டத் தும்மல்னா ஒண்ணுமில்லல்ல. அவனும் மூக்கத் தேச்சுத் தேச்சுப் பாக்குறான், மண்ண அள்ளி மோந்து பாக்குறான். வரல. எனக்காகத் தும்மப் பாத்தான் தாயி, கண்ணுல தண்ணி ஊத்துது, தும்மல் வரல.

நான் கயித்த உள்ள விட்டுக்கிட்டேன். நீ என்ன சொன்னாலும் சரி, தெய்வம் தடுத்தத மீறி எந்தம்பிய நான் எப்புடிச் சாகக் குடுப்பேன்? அதத்தான் அவன்கிட்டயும் சொன்னேன்.

அவன் கோவப்படல. ஒரு வார்த்த வஞ்சிருந்தான்னாக்கூட எனக்கு ஆறியிருக்கும். தாம்பாளத்தக் கீழருந்து எடுத்து எங் கையில குடுத்தான். நான் சாகக் கூடாதுன்னு பதினாறு வருசமாப் பாத்துக்கிட்டக்கா, நான் சாகல. ஆனா நான் வாழணும்னு ஒருநாளாச்சும் நெனச்சியான்னு கேட்டான். கேட்டுட்டுப் பதிலுக்குக் கூட நிக்கல, சூளைக்குத் தீப்போடப் போயிட்டான்.

நெனைக்காமயா இருந்தேன்னு கத்தணும் போல இருந்துச்சு. பாவி, ஒன்ன நெனைக்காம எனக்கு வேற என்ன பொழப்புன்னு. ஆனா இந்த வண்டியில ஏறி உக்காந்ததுலருந்து யோசிச்சுப் பாத்துக்கிட்டே வாரேன் தாயி. இந்த வருசம், போன வருசம், அதுக்கு முந்தி, அந்தச் சூளையில இருந்தப்பன்னு ஒவ்வொண்ணா நெனச்சுப் பாக்குறேன். அப்புடி நெனச்ச ஒருநா கூட ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது.